ஆயா கடை: சுவரொட்டிக்காக ஒரு முறையாவது போக வேண்டிய இடம்

தருமபுரி பிரியாணிக் கடைகளைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் எழுதப்போவது பிரியாணியே போடாத ஒரு கடையைப் பற்றி. பென்னாகரம் ரோட்டில் ஒரு புங்கமரத்துக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகை. போர்டு கிடையாது. ஆயா கடை என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் கொண்டுபோய் விடுவார்கள். ஆயாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும், அடுப்பு இன்னும் அவர் கையில்தான். மகன் பக்கத்திலேயே கறிக்கடை வைத்திருக்கிறார். தொடைக்கறி, நெஞ்செலும்பு எல்லாம் காலையிலேயே அங்கே கிலோ கணக்கில் போய்விடும். அது போக மிஞ்சுகிற ரத்தம், சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல், ஈரல், குடல், தலை, கால் ஆகியவை ஆயாவின் அடுப்புக்கு வரும். கடை நடப்பதே அந்த மிச்சத்தில்தான்.

நான் ஊரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். காலை ஏழு மணிக்கு ஊசியைக் கையில் எடுத்தால் மதியம் வரை பெண்களின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும், மீதியை மெஷின் சொல்லும். ‘எத்தனை பாயிண்ட்டுங்க இருக்கு?’ என்பார்கள். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் எத்தனை கிராம் என்பதுதான் அந்தப் பாயிண்ட். ஒன்பது, எட்டரை, சில நாள் ஏழு. கர்ப்பமில்லாத பெண்ணுக்குப் பன்னிரண்டும், கர்ப்பிணிக்குப் பதினொன்றும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம். என் மேஜையில் வந்து விழும் ரிப்போர்ட்டும் அதே கதையைத்தான் சொல்கிறது. அதனால் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் எனக்கு ருசியோடு சேர்த்து இன்னொரு கணக்கும் ஓடும். இந்த விமர்சனம் அந்த இரண்டு கணக்கிலும் எழுதியது.

முதலில் சுவரொட்டி. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆயா அதன் மேல்சவ்வை உரிப்பதில்லை. கத்தி முனையால் நாலைந்து இடத்தில் குத்திவிட்டு, மஞ்சளும் உப்பும் தடவி, கம்பியில் கோத்து அடுப்புக் கங்கின் மேல் காட்டுகிறார். குத்தாமல் விட்டால் சுருண்டு வெடிக்கும். மேல்சவ்வு கருகி உரிகிற பதத்தில் எடுத்து, வில்லை வில்லையாக அரிந்து, மிளகை உரலில் இடித்து மேலே தூவித் தருகிறார். எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. வெளியே கொஞ்சம் இழுபட்டாலும் உள்ளே வெண்ணெய் மாதிரி கரைகிறது. விலை எண்பது ரூபாய். ‘ரத்தம் ஊறும், சாப்பிடு கண்ணு’ என்று ஆயா எல்லோரிடமும் சொல்வதைச் சும்மா பேச்சு என்று நினைக்க வேண்டாம். சமைக்காத செம்மறியாட்டு மண்ணீரல் 100 கிராமில் இரும்புச்சத்து 40 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஈரலில் ஏழு மில்லிகிராம் அளவுதான். எல்லோரும் ஈரலைத் தேடி ஓடுகிறார்களே, இரும்பு என்று பார்த்தால் அந்தச் சின்ன சுவரொட்டிதான் ஈரலைப் போல ஐந்து மடங்கு, ஆறு மடங்கு. ஊர்ப் பாட்டிகள் மெஷின் இல்லாமல் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

சிக்கல் என்னவென்றால், ஒரு நாளைக்கு அறுக்கிற ஆடுகளின் எண்ணிக்கைதான் சுவரொட்டியின் எண்ணிக்கையும். ஞாயிறு கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். மற்ற நாள்களில் ஒன்பது மணிக்குள் போகாவிட்டால் கம்பி காலியாகத்தான் இருக்கும்.

அடுத்தது ரத்தப் பொரியல். இந்தக் கடையில் எனக்குப் பிடித்ததும் இதுதான், விலையில் குறைவானதும் இதுதான். ஒரு தட்டு நாற்பது ரூபாய். அகலமான பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி அதில் ரத்தத்தைப் பிடிக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் கட்டியாக உறைந்துவிடுகிறது. அதைத் துண்டு போட்டு வேகவைத்து, வடித்து, கையால் உதிர்க்கிறார் ஆயா. இரும்புச் சட்டியில் சின்ன வெங்காயம் கண்ணாடியாகிறவரை வதங்க வேண்டும், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, அப்புறம் உதிர்த்த ரத்தம், கடைசியில் ஒரு கை தேங்காய்த் துருவல். கவிச்சு வாடை துளியும் இல்லை. ரத்தம் சாப்பிடப் பழகாதவர்களுக்கு முட்டைப் பொடிமாஸ் என்று சொல்லிக் கொடுத்தால் கறுப்பாக இருக்கிறதே என்று மட்டும்தான் கேட்பார்கள்.

ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆட்டு ரத்தத்தில் 100 மில்லிக்கு எட்டு முதல் பன்னிரண்டு கிராம் வரை ஹீமோகுளோபின். பெருக்கிப் பார்த்தால் முப்பது மில்லிகிராமை ஒட்டி வருகிறது. வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020ல் சொன்ன கணக்கு, ஆணுக்கு 19. நாற்பது ரூபாய்த் தட்டில் ஒரு நாள் இரும்பின் பெரும்பங்கு கிடைக்கிறது. அதுவும் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்கிற வகை இரும்பு. கறி, ரத்தம், ஈரலில் உள்ள ஹீம் இரும்பில் 15 முதல் 35 சதவீதம் வரை குடலில் உறிஞ்சப்படும். கீரை, கேழ்வரகு, பருப்பில் உள்ள இரும்புக்கு இருபது சதவீதம் கிடைத்தாலே பெரிது, பல நேரம் இரண்டு, மூன்று சதவீதத்தோடு நின்றுவிடும்.

இதைச் சொன்னால் நம் பக்கம் உடனே சண்டைக்கு வருவார்கள். ‘களி தின்ன சனங்க நாங்க, எங்களுக்கு என்ன குறைச்சல்?’ களியைக் குறை சொன்னால் தருமபுரியில் குடியிருக்க முடியாது, நானும் களி தின்று வளர்ந்தவள்தான். கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, இரும்பும் நாலரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனால் அதே கேழ்வரகில் பைட்டேட் என்று ஒன்று இருந்து அந்த இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. முளைகட்டினால், புளிக்கவைத்தால் அதன் பிடி கொஞ்சம் தளரும். இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. களியோடு கொஞ்சம் கறி சேர்ந்தால், கறியின் இரும்பு போக, களியில் இருக்கிற இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. எலுமிச்சையும் அதே வேலையைச் செய்யும். ஆயா கடையில் களி உருண்டை இருபது ரூபாய், குடல் குழம்பு எண்பது. களியில் குழி பறித்து அதில் குழம்பை ஊற்றி, ஓரத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டை வைத்துத் தருவார்கள். ஆயாவுக்கு அறிவியல் தெரிந்து அப்படி வைக்கவில்லை, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வைப்பார்கள்.

குடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடல் கடைகளில் பத்துக்கு ஏழு இடத்தில் சுத்தம் சரியிருக்காது. இங்கே மருமகள் பின்பக்கம் உட்கார்ந்து சுத்தம் செய்வதைப் போய்ப் பார்த்தேன். குடலை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிச் சுண்ணாம்பு தேய்க்கிறார், கொதிக்கிற தண்ணீரில் முக்கிக் கத்தியால் வழிக்கிறார், மஞ்சள் போட்டுத் திரும்பக் கழுவுகிறார். தண்ணீர் தெளிகிறவரை விடுவதில்லை. பைப் தண்ணீர் வராத நாளில் குடல் போடுவதே இல்லை. ‘தண்ணி இல்லாம குடலு கழுவுனா அது சாபம்க்கா’ என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும், இந்தக் கடைக்கு நான் நம்பி ஆள் அனுப்புவதற்கு.

தலைக்கறி சுமார். மசாலா அதிகம், மிளகாய் அதிகம், கறியின் ருசியே தெரியவில்லை. கால் சூப் ஐம்பது ரூபாய், மிளகு தூக்கலாக நன்றாக இருக்கிறது. ஆனால் சூப் குடித்தால் ரத்தம் ஊறும், எலும்பு கூடும் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எலும்பை எத்தனை மணி நேரம் கொதிக்கவிட்டாலும் தண்ணீருக்கு வருகிற கால்சியமும் இரும்பும் சொற்பம்தான். சளிக்கு இதமாக இருக்கும், குடியுங்கள். ரத்தசோகைக்கு அந்த ஐம்பது ரூபாயை ரத்தப் பொரியலில் போடுங்கள்.

ஈரல் வறுவல் தட்டு நூற்றிருபது. துண்டு பெரிதாகப் போட்டு, மெத்தென்று இருக்கிற பதத்தில் இறக்குகிறார்கள். சில கடைகளில் ரப்பர் ஆகிவிடும், இங்கே ஆவதில்லை. இரும்பில் சுவரொட்டிக்குத் தோற்றாலும் மற்றதில் ஈரலை அடிக்க ஆளில்லை. பி12 என்கிற சத்துக்கு ஒரு நாள் தேவை இரண்டரை மைக்ரோகிராம்கூட இல்லை. செம்மறி ஈரல் 100 கிராமில் 90 மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கிறது. பி12 இயற்கையாக மாட்டுப் பால், முட்டை, மீன், கறி என்று உயிரினத்திலிருந்து வருகிற உணவில்தான் கிடைக்கும், அரிசியிலும் கீரையிலும் கிடையாது. லேபில் ஹீமோகுளோபின் குறைந்த ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது நான் உடனே பக்கத்தில் எம்.சி.வி. என்று இருக்கிற, சிவப்பணுக்களின் சராசரி அளவைச் சொல்லும் எண்ணைப் பார்ப்பேன். அது 80க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் இரும்புக் குறை, 100க்கு மேல் இருந்தால் பி12 அல்லது போலிக் அமிலத்தின் பக்கம் சந்தேகம் போகும். இரும்பு மாத்திரையை மட்டும் மாதக் கணக்கில் விழுங்கியும் பாயிண்ட் ஏறாதவர்களில் சிலர் இந்த இரண்டாவது கூட்டம்.

வைட்டமின் ஏ-யும் ஈரலில் ஏராளம், அதுவே எச்சரிக்கையும். செம்மறி ஈரலில் 100 கிராமுக்கு ஏழாயிரம் மைக்ரோகிராமுக்கு மேல். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மூவாயிரத்தைத் தாண்டக்கூடாது என்பது வரையறை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் அளவு மீறிய வைட்டமின் ஏ கருவைப் பாதிக்கும் என்பதால் இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கு ஈரலே வேண்டாம் என்று சொல்கிறார்கள். நம் ஊரில் தலைகீழ். பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த மறுநாளே வீட்டுக்காரர் ஈரல் பார்சலோடு நிற்பார். இந்தக் கடையிலும் நான் அதைப் பார்த்தேன். கர்ப்பிணிக்கு ரத்தப் பொரியலும் கறியும் சுவரொட்டியும் வாங்கிக்கொண்டு போங்கள், ஈரலை மற்றவர்கள் சாப்பிடட்டும். சுகாதார நிலையத்தில் கொடுக்கிற சிவப்பு மாத்திரையை நிறுத்தவும் கூடாது. அதில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, எந்தத் தட்டும் அதற்கு மாற்றில்லை. யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிற ஆண்களும் இந்தக் கடையின் பாதி ஐட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுக் களியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி என் குறைகள்.

முதல் குறை டீ. சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் கேட்காமலே டீ வந்துவிடுகிறது, சாப்பாட்டோடு இலவசம். டீயில் இருக்கிற டானின் சாப்பாட்டு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். முக்கியமாகக் களியிலிருந்தும் கீரையிலிருந்தும் வருகிற இரும்புக்கு அதுதான் பெரிய எதிரி. ஆயாவிடம் சொன்னேன். ‘டீ குடுக்கலன்னா எவன் கண்ணு வருவான்?’ என்றார். அதுவும் நியாயம்தான். டம்ளரை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வேறெங்காவது குடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சூடான குழம்பை மெல்லிசான பிளாஸ்டிக் கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டுத் தருகிறார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தாகிவிட்டது, அதைக் கடைப்பிடிக்கிற கடையைத்தான் தேட வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து தூக்குப்போசி எடுத்துப் போனால் முகம் சுளிக்காமல் ஊற்றித் தருகிறார்கள், ஒரு கரண்டி கூடுதலாகவே விழும்.

மூன்றாவதுதான் பெரிய குறை, அது ஆயா மேல் மட்டும் சுமத்தக்கூடியதும் இல்லை. உள்ளே நாலு பெஞ்சு. காலை ஒன்பது மணிக்குப் போனால் நாலிலும் ஆண்கள். லோடு ஏற்றுகிறவர்கள், மெக்கானிக், ரியல் எஸ்டேட் பேசுகிறவர்கள். சுவரொட்டிக் கம்பி நேராக அவர்களின் தட்டுக்குப் போகிறது. யாருக்கு ஒன்பது பாயிண்ட் இருக்கிறதோ அவர்கள் யாரும் பெஞ்சில் இல்லை. அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கறியில் ஈரல் துண்டு முதலில் வீட்டுக்காரருக்கு, அடுத்து பையனுக்கு. பெண்ணுக்குக் குழம்பு. ஆண்கள் சாப்பிடக்கூடாது என்று சொல்லவில்லை, மூட்டை தூக்குகிறவனுக்கும் சத்து வேண்டும். மாதவிலக்கில் மாதாமாதம் ரத்தம் போகிறவளுக்கு இரும்பு ஆணைவிடக் கூடுதலாக வேண்டும் என்பது அந்த 29, 19 கணக்கிலேயே இருக்கிறது, பரிமாறுகிற வரிசையில்தான் இல்லை.

இதைப் பேசப்போய் ஒரு நல்ல காரியம் நடந்தது. பின்பக்கம் சாமான் போட்டிருந்த இடத்தை ஒதுக்கி, ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டி, பெண்கள் உட்கார ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார் மருமகள். காற்று வராது, கை கழுவ முன்னால் வர வேண்டும், சோப்பு ஒரு நாள் இருக்கும் ஒரு நாள் இருக்காது. ஆனாலும் சந்தைக்கு வருகிற அம்மாக்கள் இப்போது உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறார்கள். அரைத் தட்டும் கொடுக்கிறார்கள். ரத்தம் இருபத்தைந்து ரூபாய், ஈரல் அறுபது. கையில் நூறு ரூபாய் இருந்தால் ஒரு பெண் களியும் ரத்தப் பொரியலும் அவித்த முட்டையும் சாப்பிட்டு மீதியைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

குழந்தைகளுக்கு வருகிறேன். ஒரு நாள் ஒரு பெண் ஒன்பது மாதக் கைக்குழந்தையோடு வந்திருந்தாள், கூட மாமியார். குழந்தையின் உள்ளங்கை வெளுத்துப் போயிருந்தது. கொஞ்சம் ஈரலை மசித்து ஊட்டிப் பாரும்மா என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம். ‘ஈரலா? மாந்தம் வந்துடும்ங்க, பல்லே வரல’ என்று மாமியார் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆயாதான் பஞ்சாயத்தைத் தீர்த்தார். நன்றாக வெந்த ஈரலில் சுண்டுவிரல் நுனி அளவு கிள்ளி, களித் தண்ணீரில் விரலாலேயே நசுக்கி, நாக்கில் தடவினார். குழந்தை முகத்தைச் சுளித்தது, அப்புறம் வாயைத் திறந்தது. மாமியார் ஒன்றும் பேசவில்லை. ஆறு மாதம் முடிந்த பிறகு தாய்ப்பாலோடு தினமும் முட்டை, மீன், கறி போன்ற ஏதாவது ஒன்று கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லியிருக்கிறது. ஈரல் மட்டும் வாரம் ஒரு முறை, ஒரு டீஸ்பூனைத் தாண்டாமல். பெரியவர்களுக்குச் சொன்ன அதே வைட்டமின் ஏ கணக்கு குழந்தைக்கு இன்னும் இறுக்கமானது. மாட்டுப் பாலை நம்பிக் குழந்தையை விட்டுவிடக் கூடாது, பாலில் இரும்பு கிட்டத்தட்ட இல்லை. பால் குடித்தே வயிறு நிறைகிற ஒன்றரை வயதுக் குழந்தைகள் வெள்ளைக் காகிதமாக எங்கள் லேபுக்கு வருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

முட்டையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அவித்த முட்டை இங்கே பன்னிரண்டு ரூபாய், நாமக்கல் முட்டை. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முட்டை புதிதில்லை. 1982ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் 1989ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது, படிப்படியாகக் கூடி 2010ல் வாரத்துக்கு ஐந்து ஆனது. வேறு சில மாநிலங்களில் இன்னும் முட்டை போடலாமா கூடாதா என்று சண்டை நடக்கிறது, இங்கே அது முடிந்த விஷயம். ஆனால் முட்டையில் ரத்தம் ஊறும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மஞ்சள்கருவில் இரும்பு இருந்தாலும் அதிலேயே இருக்கிற ஒரு புரதம் அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது. முட்டை வேறு வேலைக்கு. நல்ல புரதம், பி12, மூளைக்கு வேண்டிய கோலின். 2015ல் ஈக்வடாரில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்துப் பார்த்தார்கள், உயரக் குறைபாடு 47 சதவீதம் குறைந்தது என்று வந்தது. உலகமே முட்டையைக் கொண்டாடியது. அப்புறம் மலாவியில் அதேபோல் செய்தபோது உயரத்தில் அந்த வித்தியாசம் வரவில்லை. அந்தப் பக்கம் ஏரி மீன் ஏற்கெனவே குழந்தைகளின் சாப்பாட்டில் இருந்தது ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். யாருக்குத் தட்டில் எது இல்லையோ அவர்களுக்குத்தான் அது பெரிதாக வேலை செய்யும்.

கென்யாவில் எம்பு என்ற மலைப்பகுதியில் 1998ல் தொடங்கிய ஒரு சோதனையும் எனக்கு இந்தக் கடையில் அடிக்கடி ஞாபகம் வரும். சார்லட் நியூமன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் பன்னிரண்டு பள்ளிகளில் நடத்தியது. மக்காச்சோளமும் அவரையும் போட்டு வேகவைத்த கித்தேரி என்ற அவர்கள் ஊர்ச் சாப்பாட்டில், சில பள்ளிகளில் கொத்துக்கறி சேர்த்தார்கள், சிலவற்றில் பால் கொடுத்தார்கள், சிலவற்றில் எண்ணெய் மட்டும் கூட்டினார்கள், சிலவற்றில் ஒன்றும் தரவில்லை. இரண்டு வருடத்தில் கறி தின்ற பிள்ளைகள் புதிர் போடுகிற தேர்விலும் விளையாட்டுத் திடலிலும் முன்னால் நின்றார்கள். கறிக்கும் பாலுக்கும் ரத்தத்தில் பி12 ஏறியது. இரும்பில் மட்டும் பெரிய மாற்றம் தெரியவில்லை, அந்த ஊரில் மலேரியா அதிகம். நம் பக்கம் அந்த இடத்தில் கொக்கிப்புழு உட்கார்ந்திருக்கிறது. வெறுங்காலோடு காட்டு வேலைக்குப் போகிறவரின் குடலில் புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தால் ஆயாவின் சுவரொட்டி எல்லாம் அதற்குத்தான் தீனி. பூச்சி மாத்திரையை முதலில் போட்டுவிட்டு வாருங்கள். சுவரொட்டி தின்றும் பாயிண்ட் ஏறவில்லை என்று கடையில் வந்து குறைபட்ட ஒருவருக்கு நான் கொடுத்த பதிலும் அதுதான். பிறவியிலேயே வருகிற தலசீமியா என்ற ரத்தக் குறையின் கூறு இருந்தாலும் பாயிண்ட் ஏறாது, டாக்டரிடம்தான் போக வேண்டும்.

கறி சாப்பிடாதவர்கள் என்னோடு கோபித்துக்கொள்ள வேண்டாம். தயிரும் மோரும் பாலும் தினமும் எடுத்தால் பி12 ஓரளவு கிடைத்துவிடும். இரும்புக்கு மட்டும் முளைகட்டிய கேழ்வரகு, கீரையோடு எலுமிச்சை அல்லது நெல்லி, டீ தள்ளி என்று கொஞ்சம் மெனக்கெட வேண்டும். புரட்டாசியில் தருமபுரியில் பாதிப் பேர் ஒரு மாதம் கறியை விட்டுவிடுவார்கள், ஆயா கடையும் அந்த மாதம் களியும் கீரைக் கடைசலும் முட்டையுமாகச் சுருங்கிவிடும். அந்தக் கீரைக் கடைசல் பிரமாதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சந்தேகம் எப்போதும் கேட்பார்கள், ரத்தமும் ஈரலும் பாதுகாப்பானதா என்று. ஆடு நோயில்லாமல் இருந்து, ரத்தம் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, அன்றைக்கே வெந்துவிட்டால் பயமில்லை. ஈரலை அரிந்து பார்க்கும்போது நீர்க்கட்டியோ வெள்ளைக் குமிழோ இருந்தால் தொடவே கூடாது. மகன் அப்படி ஒன்றைத் தனியாக ஒதுக்கி வைத்ததை நானே பார்த்திருக்கிறேன், நாய்க்குப் போடாதீர்கள், புதைத்துவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். நாய் தின்றால் அந்தக் கட்டிக்குள் இருக்கிற புழு நாய் வழியாகத் திரும்பவும் ஆட்டுக்கு வந்து சேரும். ஈரல் நடுவில் சிவப்பாக இருந்தால் இன்னொரு முறை வாணலியில் போடச் சொல்லுங்கள், முறைக்காமல் செய்து தருவார்கள். பதினோரு மணிக்கு மேல் ரத்தப் பொரியல் மிச்சம் இருந்தால் வாங்காதீர்கள். ஆயாவே தர மாட்டார்.

கடை காலை ஏழரைக்குத் திறந்து பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும். செவ்வாய், அமாவாசை, கிருத்திகையில் கிடையாது. ஜிபே உண்டு, ஆனால் சிக்னல் கொட்டகைக்குள் எடுக்காது, புங்கமரத்தடிக்கு வந்து அனுப்ப வேண்டும். வண்டி நிறுத்த இடம் தாராளம். பெண்கள் பெஞ்சுக்குப் பின்பக்கச் சந்து வழியாக நேராகவே போகலாம், முன்னால் கூட்டத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருகிறேன். சோப்பும் டீயும் சரியானால் மீதி ஒன்றையும் தந்துவிடுவேன். சுவரொட்டி வேண்டுமென்றால் முதல் நாள் சாயங்காலமே மருமகளிடம் சொல்லி வையுங்கள். வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு என்று சொன்னால் பெஞ்சில் யார் காத்திருந்தாலும் ஒன்றை எடுத்து வைத்துவிடுகிறார்.